யூனிஃபார்ம் போடுறது எட்டு சர்வீஸ், எண்ணுறது ஆறு மட்டும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்க படைகள்ல வேலை பாக்குற தமிழ் பிள்ளைங்கள பத்தி அரைப் பக்கம் வந்திருந்துச்சு. பாளையங்கோட்டைல இருக்குற எங்க மாமியார் அத அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி, "மாப்ள, இதுல ஆறு படை போட்டிருக்காங்க, நம்ம பிள்ளையோட சர்வீஸ மட்டும் காணுமே, அவ யூனிஃபார்ம் போட்டுத்தானே வேலைக்கு போறா"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டிருந்தாங்க. அவங்களுக்கு போன்ல பதில் சொல்லிட்டேன், ஆனா சொன்னதுக்கப்புறம் இத உங்களுக்கும் எழுதணும்னு தோணிச்சு, ஏன்னா இது எங்க வீட்டு சங்கதி மட்டும் இல்ல, இங்க அமெரிக்காவுல என் மனைவி மாதிரி பப்ளிக் ஹெல்த் சர்வீஸ்ல, அதாவது பொது சுகாதார சேவைல இருக்குற ஒவ்வொரு குடும்பமும் வருஷக்கணக்கா இதே கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கு.

உங்க கட்டுரை தப்புன்னு சொல்ல வரல. ஆர்மி, நேவி, மரீன், ஏர்ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு, ஸ்பேஸ் ஃபோர்ஸ், இந்த ஆறுக்கும் சட்டத்துல பேரு ஆம்ட் ஃபோர்சஸ், அதாவது ஆயுதப்படை. ஆனா அதே சட்டத்துல அடுத்த வரியிலயே யூனிஃபார்ம்ட் சர்வீசஸ்னு இன்னொரு சொல் இருக்கு, அதுல எட்டு. ஏழாவது கடல், வானிலை ஆராய்ச்சி துறையோட அதிகாரிகள். எட்டாவதுதான் பப்ளிக் ஹெல்த் சர்வீஸ் கமிஷன்ட் கார்ப்ஸ், என் மனைவி இருக்குறது அதுல. பார்மசிஸ்ட், இப்ப கமாண்டர் ரேங்க், சேந்து 16 வருஷம் ஆச்சு. யூனிஃபார்ம் பாக்குறதுக்கு நேவி மாதிரியே இருக்கும், ரேங்க் பேரும் நேவி பேருதான், அதனால கடையில வரிசைல நிக்கும்போது "நேவியா மேடம், தேங்க் யூ"ன்னு சொல்லுவாங்க, இவ இல்ல நான் பப்ளிக் ஹெல்த்னு சொன்னதும் அந்த ஆளு மூஞ்சில ஒரு குழப்பம் வரும் பாருங்க, அத நான் நூறு தடவையாவது பாத்திருப்பேன்.

யாரு இவங்கன்னு கேட்டா, மொத்தமே சுமார் 6000 பேர்தான். கையில துப்பாக்கி கிடையாது. டாக்டர், நர்ஸ், பல் டாக்டர், பார்மசிஸ்ட், கால்நடை டாக்டர், இன்ஜினியர், டயட்டிஷியன் இப்படி 11 பிரிவு. ஆரம்பிச்ச கதை 1798 வரைக்கும் போகுது, ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதியா இருந்தப்ப கப்பல்ல வேலை பாத்து நோயில விழுந்த மாலுமிகளுக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க, மாலுமி சம்பளத்துல மாசம் 20 சென்ட் புடிச்சு அதுல துறைமுகத்துல ஆஸ்பத்திரி நடத்துனாங்க. 1889ல அந்த டாக்டர்களுக்கு ராணுவம் மாதிரி ரேங்க் குடுத்து ஒரு படையாவே ஆக்குனாங்க, சொன்ன ஊருக்கு சொன்ன நாள்ல போகணும்ங்கறதுக்காக. இப்பவும் அதுதான் வேலை. பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்குன ரிசர்வேஷன் பகுதி ஆஸ்பத்திரி, ஃபெடரல் ஜெயில், கோஸ்ட் கார்டு கிளினிக், உணவு, மருந்த கண்காணிக்கிற எஃப்டிஏ, நோய் தடுப்பு மையமான சிடிசி, இப்படி வேற யாரும் சுலபமா வராத இடத்துலயும் வேலை, புயல் வந்தா கொள்ளைநோய் வந்தா பொட்டிய கட்டிட்டு அங்கயும் வேலை. 2005 கத்ரீனா புயலுக்கு 2000 பேருக்கு மேல போனாங்க, மொத்த எண்ணிக்கைய வச்சு பாருங்க அது எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

சலுகையே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ராணுவத்துக்கு என்ன சம்பள அட்டவணையோ அதேதான் இவங்களுக்கும், வீட்டு அலவன்ஸ் உண்டு, டிரைகேர் மருத்துவ காப்பீடு குடும்பத்துக்கே உண்டு, 20 வருஷம் முடிச்சா பென்ஷன், ராணுவ முகாம் உள்ள இருக்குற கமிஸரிங்கற கடையில மளிகை வாங்கலாம், சர்வீஸ முடிச்சா சட்டப்படி வெட்டரன், அதாவது முன்னாள் படைவீரர்தான். இதெல்லாம் நாங்க அனுபவிக்கிறோம், நன்றியோடதான் இருக்கோம். பிரச்சனை என்னன்னா எந்த சட்டத்துல யூனிஃபார்ம்ட் சர்வீசஸ்னு எழுதியிருக்கோ அங்க நாங்க இருப்போம், எந்த சட்டத்துல ஆம்ட் ஃபோர்சஸ்னு எழுதிட்டாங்களோ அங்க இருக்க மாட்டோம். யாரும் எங்கள வேணும்னு வெளிய தள்ளல, எழுதுற ஆளுக்கு ஞாபகம் வரல, அவ்வளவுதான். ஆனா அந்த ஞாபக மறதில ஒரு குடும்பத்தோட பத்து வருஷ கணக்கு மாறிப்போகும்.

இத எங்க வீட்டு உதாரணத்தோடயே சொல்றேன். 2009ல புது ஜிஐ பில், அதாவது படையில இருக்குறவங்களுக்கு படிப்பு செலவுக்கு உதவுற சட்டம் வந்துச்சு, சர்வீஸ்ல இருக்குறவங்க தங்களோட படிப்பு உதவிய மனைவிக்கோ புருஷனுக்கோ பிள்ளைக்கோ மாத்திக் குடுக்கலாம்னு ஒரு அருமையான விஷயம், ஆறு வருஷம் முடிச்சிருக்கணும், இன்னும் நாலு வருஷம் இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும். என் மனைவி சேந்ததும் அதே வருஷம்தான், அப்ப மூத்தவளுக்கு ரெண்டு வயசு. ஆனா பிள்ளைக்கு மாத்துற பகுதில எழுதியிருந்த வார்த்தை ஆம்ட் ஃபோர்சஸ். அதனால ஹெல்த் சர்வீஸ்காரங்க தாங்களே படிக்க உதவி உண்டு, பிள்ளைக்கு மாத்த வழி கிடையாது. அப்புறம் 2011 ஜனவரில கையெழுத்தான திருத்த சட்டத்துல அந்த ரெண்டு வார்த்தைய அடிச்சிட்டு யூனிஃபார்ம்ட் சர்வீசஸ்னு போட்டாங்க. அவ்வளவுதான் அய்யா, ரெண்டே வார்த்தை. 2015ல இவ ஆறு வருஷம் முடிச்ச உடனே நாலு வருஷத்துக்கு எழுதிக் குடுத்து மகள் பேருக்கு மாத்தினா, இப்ப அவ காலேஜ் போறது அந்த காசுலதான். அந்த திருத்தத்துக்காக பேசுன, எழுதுன, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குன பழைய அதிகாரிகள் யாருன்னு கூட எனக்கு முழுசா தெரியாது, ஆனா ஃபீஸ் கட்டுற ஒவ்வொரு தடவையும் அவங்கள நினைச்சுக்குவேன்.

2016ல அரிசோனாலருந்து மேரிலாந்துக்கு மாத்தல் ஆர்டர் வந்துச்சு. குடியிருந்த வீட்டுக்கு இன்னும் அஞ்சு மாசம் அக்ரிமென்ட் இருந்துச்சு. சர்வீஸ்ல இருக்குறவங்க மாத்தல் ஆர்டர காட்டுனா அபராதம் இல்லாம வீட்ட காலி பண்ணலாம்னு ஃபெடரல் சட்டம் இருக்கு. வீட்டுக்காரர் "அது சோல்ஜருக்குத்தான், உங்க வீட்டம்மா மருந்து குடுக்குறவங்கதானே"ன்னு சொல்லி அஞ்சு மாச வாடகையும் கேட்டாரு. மனுஷன் கெட்டவர் இல்ல, அவருக்கு தெரியல. நான் ராத்திரி உக்காந்து அந்த சட்டத்த பிரிண்ட் எடுத்து, யார சர்வீஸ் மெம்பர்னு சொல்றாங்கன்னு இருக்குற வரிய மஞ்ச கலர்ல கோடு போட்டு கொண்டு போனேன், அங்க யூனிஃபார்ம்ட் சர்வீசஸ்னுதான் இருக்கு. அவர் ரெண்டு தடவ படிச்சு பாத்துட்டு சரின்னுட்டாரு. அன்னைக்கு அந்த வார்த்தை மட்டும் வேற மாதிரி இருந்திருந்தா எங்க கையில இருந்த சேமிப்பு மொத்தமும் அதுலயே போயிருக்கும்.

இங்க வந்ததும் ஸ்கூல். ராணுவ பிள்ளைங்க ஊர் மாறும்போது படிப்பு கெடக்கூடாதுன்னு 50 மாநிலமும் சேந்து ஒரு ஒப்பந்தம் வச்சிருக்காங்க, பழைய ஸ்கூல் ரெக்கார்டு முழுசா வர்றதுக்கு முன்னாடியே சேத்துக்கணும், தடுப்பூசி பாக்கி இருந்தா 30 நாள் டைம் குடுக்கணும், இப்படி நல்ல நல்ல விதி. அதுலயும் ஹெல்த் சர்வீஸ் பேரு போட்டே சேத்திருக்காங்க. ஆபீஸ்ல இருந்த அம்மாவுக்கு மட்டும் அது தெரியல, மூணு தடவ அலைய வச்சுட்டுதான் சேத்தாங்க. ஆனா நான் சொல்ல வர்றது அதே ஒப்பந்தத்துல இருக்குற இன்னொரு விதிய. அப்பா அம்மா டெப்ளாய்மென்ட், அதாவது படை அனுப்புற பணிக்கு வெளிய போகும்போதோ திரும்பி வந்ததும் கூட இருக்கவோ பிள்ளைக்கு கூடுதல் லீவு குடுக்கலாம்னு இருக்கு, ஆனா அந்த இடத்துல போர்ப்பகுதிக்கு, இல்ல போருக்கு துணையான இடத்துக்கு போனாத்தான்னு எழுதியிருக்காங்க. எபோலா வார்டுக்கு போயிட்டு வந்த அம்மாவோட பிள்ளைக்கு அந்த எழுத்துப்படி லீவு கிடையாது. ஹெட்மாஸ்டர் நல்ல மனசு வச்சா குடுப்பாரு. நல்ல மனசையே நம்பி இருக்க வேண்டிய விஷயமா இது?

எபோலான்னு சும்மா சொல்லல. 2014 நவம்பர்ல லைபீரியா நாட்டுல மன்ரோவியா பக்கத்துல 25 படுக்கையோட ஒரு வார்டு தொறந்தாங்க, அங்க நோயாளிய கவனிச்சு கவனிச்சு தாங்களே எபோலா வாங்கிக்கிட்ட டாக்டர் நர்ஸுங்களுக்காக, நமக்கு வந்தா பாக்க ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அவங்க வேலைக்கு வருவாங்க. அந்த வார்ட நடத்துனது இந்த ஹெல்த் சர்வீஸ் அதிகாரிங்க, ஒரு டீம் மாத்தி ஒரு டீமா போனாங்க. திரும்பி வந்தப்புறம் 21 நாள் தினமும் காய்ச்சல் பாக்கணும். என் மனைவியோட கூட வேலை பாத்தவங்க போனாங்க, இவளுக்கு அப்ப கைக்குழந்தை, போகல. போனவங்க வீட்டுல இருந்தவங்க அந்த மாசங்கள எப்படி கடந்தாங்கன்னு நாங்க பக்கத்துல இருந்து பாத்தோம், ராத்திரி போன் அடிச்சாலே உசுரு போயிடும். 2015ல ஜனாதிபதி ஒபாமா மொத்த படைக்கும் பிரசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன்ங்கற பாராட்டு விருது குடுத்தாரு, அந்த ரிப்பனை பாத்தா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு நிறையும். ஆனா அது நடந்ததே வெளிய பாதி பேருக்கு தெரியாது.

எங்க முறை 2020ல வந்துச்சு. மார்ச் மாசம், சனிக்கிழமை மத்தியானம் போன், திங்கக்கிழமை காலைல ஃப்ளைட். கொரோனா பரவுன ஒரு முதியோர் இல்லத்துக்கு. அப்ப தடுப்பூசி இல்ல, மாஸ்க்கே தட்டுப்பாடு. சின்னவனுக்கு ஆறு வயசு கூட முடியல. எங்க அம்மா ஊர்லருந்து வந்து பாத்துக்கறேன்னு டிக்கெட் போட்டு வச்சிருந்தாங்க, மார்ச் 22ம் தேதியோட இந்தியாவுல சர்வதேச விமானமே நின்னு போச்சு. நான் வீட்டுலருந்து வேலை, ரெண்டு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர்ல ஸ்கூல், சமையல், இதெல்லாம் எல்லா வீட்டுலயும் இருந்ததுதான் நான் பெருசா சொல்லல. ஆனா தெருவுல ராணுவத்துல இருக்குற ஒரு வீட்டுக்காரர் வெளிநாடு போயிருந்தாரு, அவங்க வீட்டுக்கு முகாம்லருந்து வாரம் ஒரு ஆள் போன் பண்ணி என்ன வேணும்னு கேப்பாங்க, அந்த முகாம் குடும்பங்களுக்குன்னு ஒரு குழுவே இருக்கு. எங்களுக்கு முகாம் கிடையாது. ஹெல்த் சர்வீஸ்காரங்க நாடு பூரா ரெண்டு பேர் மூணு பேரா சிதறி கெடக்குறாங்க, ஒரே ஊர்ல பத்து குடும்பம் சேந்து இருக்குறதே அபூர்வம். அந்த பக்கத்து வீட்டு அம்மாதான் அவங்களுக்கு வந்த சாமான்ல பாதிய எங்க வாசல்ல வச்சிட்டு போனாங்க. அந்த உதவிய நான் சாகுறவரை மறக்க மாட்டேன். அது ஒரு நல்ல பெண்மணி செஞ்சது. அரசாங்கம் செஞ்சிருக்க வேண்டியதும்தான். குடும்பத்துக்கு சலுகைன்னா டாலர் கணக்கு மட்டும் இல்ல அய்யா, ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு போன் வர்றதும்தான். எனக்கு கேட்டா இதுதான் பெரிய குறை, ஜிஐ பில்ல விட.

என் மனைவி திரும்பி வந்தப்ப நேரா வீட்டுக்குள்ள வரல, கராஜுல கட்டில் போட்டு தனியா இருந்தா. சின்னவன் கதவுக்கு இந்தப்பக்கம் தரையில உக்காந்துக்கிட்டு பேசிட்டே இருப்பான்.

குடும்பமும் சேந்துதான் சர்வீஸ் பண்ணுதுங்கறதுக்கு இந்த படையோட சரித்திரத்துலயே ஒரு ஆள் இருக்காங்க, மேரி கோல்ட்பெர்கர். அவங்க புருஷன் ஜோசப் கோல்ட்பெர்கர் ஹெல்த் சர்வீஸ் டாக்டர், சின்ன வயசுல ஐரோப்பாவுலருந்து கப்பல்ல வந்த ஏழை யூத குடும்பத்து பையன். அப்ப தென் மாநிலங்கள்ல பெலாக்ரான்னு ஒரு நோய், தோல் வெடிச்சு, வயித்தால போயி, புத்தி பேதலிச்சு சாவாங்க. நிறைய டாக்டருங்க தொத்து நோய்னு சொல்லிட்டு இருந்தாங்க. இவரு 1914ல போயி பாத்தா அனாதை இல்லத்துல பிள்ளைங்களுக்கு வருது, அங்கயே வேலை பாக்குறவங்களுக்கு வரல. தொத்துன்னா எப்படி வராம இருக்கும்? ஏழைங்க மூணு வேளையும் சோள மாவும் பாகும் கொழுப்பு துண்டும் மட்டும் தின்னுறதாலதான் வருது, பாலும் கறியும் பயறும் குடுத்தா நின்னுடும்னு சொன்னாரு. யாரும் நம்பல. அதனால 1916ல தானும் கூட வேலை பாத்தவங்களும் நோயாளியோட ரத்தத்த ஊசில ஏத்திக்கிட்டாங்க, புண்ணு பொருக்கையும் கழிவையும் மாவுல உருட்டி முழுங்குனாங்க. மேரி அம்மா நானும் வரேன்னு நின்னாங்க. உருண்டைய முழுங்க ஆம்பளைங்க விடல, ஆனா பெலாக்ராவுல செத்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பளையோட ரத்தத்த அவங்க வயித்துல ஊசியா போட்டாங்க. ஒருத்தருக்கும் நோய் வரல. அந்த அம்மாவுக்கு ரேங்கும் இல்ல யூனிஃபார்மும் இல்ல, வீட்டுல நாலு பிள்ளைங்க. கோல்ட்பெர்கர் 1929ல இறந்தப்ப அமெரிக்க பார்லிமென்டான காங்கிரஸ் தனியா ஒரு சட்டம் போட்டு அவங்களுக்கு மாசம் 125 டாலர் பென்ஷன் குடுத்துச்சு. தனியா சட்டம் போட வேண்டி இருந்துச்சுங்கறத பாருங்க.

இதே ஹெல்த் சர்வீஸ்தான் 1932லருந்து 1972 வரைக்கும் அலபாமா மாநிலத்து டஸ்கீகீல கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருக்குன்னு தெரிஞ்சும் மருந்து குடுக்காம வேடிக்கை பாத்துச்சு, பென்சிலின் வந்தப்புறமும். இதயும் சொல்லாம விட்டா நான் எழுதுறதுல நேர்மை இருக்காது. என் மனைவி சேந்த வருஷமே இத படிச்சிட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. "இத தெரிஞ்சுக்கிட்டு வேலை பாக்குறவங்கதான் இங்க இருக்கணும்"னு அவ சொன்னா. பாராட்டு கேக்குற எங்களுக்கு அந்தப் பழியிலயும் பங்கு உண்டு, அத நாங்க ஒதுக்கி வைக்கல.

இன்னொண்ணு, துப்பாக்கி இல்லாத படைக்கு எதுக்கு ராணுவ மரியாதைன்னு சில பேர் கேப்பாங்க, படிச்சவங்களே கேக்குறாங்க. ரெண்டாம் உலகப்போர் நடக்கும்போது 1945 ஜூன்ல ஜனாதிபதி ட்ரூமன் ஒரு உத்தரவு போட்டு இந்த கார்ப்ஸையே ராணுவ சர்வீஸ்னு அறிவிச்சாரு, 1952 ஜூலை வரைக்கும் அது அமல்ல இருந்துச்சு. இப்பவும் போர் வந்தா ஜனாதிபதி அப்படி அறிவிக்கலாம், சட்டம் இருக்கு. ஆபத்து வரும்போது ராணுவம், ஆபத்து போனா ஆபீஸ் உத்தியோகம்னா அது என்ன நியாயம்?

போன நவம்பர்ல ஒரு தமிழ்ச் சங்கத்துல தீபாவளி விழா, வெட்டரன்ஸ் டேயும் அதே வாரம்ங்கறதால ராணுவ குடும்பங்கள மேடைக்கு கூப்பிட்டு பிள்ளைங்க கையால பூ குடுத்தாங்க. நல்ல காரியம், நானும் கை தட்டினேன். என் மனைவி பேரையும் சேக்க சொல்லி நான் முன்னாடியே கேட்டிருந்தேன், "மிலிட்டரி மட்டும்தான் அண்ணே, ஹெல்த் டிபார்ட்மென்ட்ட சேத்தா அப்புறம் எல்லா டாக்டரும் கேப்பாங்க"ன்னு ஒரு தம்பி சொன்னாரு. என் மகள் பக்கத்துல உக்காந்து மேடையவே பாத்துக்கிட்டு இருந்தா, ஒண்ணும் சொல்லல. மனைவி என் கைய புடிச்சு "விடுங்க, பூதானே"ன்னா. எனக்கு அது பூ இல்ல அய்யா. ஆறு வயசுல பையன் கதவுக்கு இந்தப்பக்கம் உக்காந்திருந்ததுக்கு அவன் காதுபட யாராவது ஒரு தடவ நன்றின்னு சொல்லணும்னுதான் நான் ஆசைப்பட்டேன்.

அதனால உங்க மூலமா மூணு பேருகிட்ட கேக்குறேன். இங்க இருக்குற தமிழ்ச் சங்கத்துக்காரங்க அடுத்த நவம்பர்ல மேடைக்கு கூப்பிடும்போது "யூனிஃபார்ம் சர்வீஸ் குடும்பங்கள்"னு கூப்பிடுங்க, எட்டும் அதுல வந்துடும். ஓட்டு இருக்குற தமிழ் ஆளுங்க, வெட்டரன் பத்தியோ சர்வீஸ் குடும்பம் பத்தியோ மசோதா வரும்போது உங்க காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு அதுல எந்த வார்த்தை இருக்குன்னு மட்டும் கேளுங்க, 2011ல மாறுனது இப்படி கேட்டதாலதான். அப்புறம் பார்மசி, நர்சிங், இன்ஜினியரிங், கால்நடை மருத்துவம்னு இங்க படிச்சு சிட்டிசன் ஆன நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு வழி இருக்குறதே தெரியாது, 44 வயசுக்குள்ள விண்ணப்பிக்கலாம், வீட்டுல பெரியவங்க யாராவது உங்க பேப்பர படிச்சிட்டு சொல்லட்டும். கஷ்டத்த எல்லாம் நான் எழுதிட்டேன், இருந்தாலும் என் பிள்ளைங்க சேரணும்னு சொன்னா நான் சந்தோஷமா அனுப்புவேன்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். அந்த கட்டுரைக்கு கீழ ரெண்டு வரில ஒரு சேர்க்கை போடுங்க, யூனிஃபார்ம் போடுற சர்வீஸ் எட்டு, அதுல ஒண்ணு பப்ளிக் ஹெல்த் சர்வீஸ்னு. வந்ததும் எந்த தேதின்னு சொல்லிட்டீங்கன்னா போதும், மாமியார் அத வெட்டி பாளையங்கோட்டை வீட்டுல மகள் யூனிஃபார்ம் போட்டோ மாட்டியிருக்குற ஃபிரேம்ல சொருகி வைக்கணும்னு சொல்லிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்,
மேரிலாந்து